மெல்லிய பூச்சும் மின்புலமும்: பீசோமின் கூட்டுப்பொருள்களில் பூச்சிட்ட உட்பொதிவுக் கோட்பாட்டின் வளர்ச்சி

பீசோமின் பீங்கான் தனித்து நின்றால் நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவிக்கு அவ்வளவாகப் பயன்படாது. பி.இசட்.டி.-5ஏ வகையின் நெடுக்குவாட்டுக் குணகம் நியூட்டனுக்கு 374 பிக்கோகூலும்; குறுக்குவாட்டுக் குணகமோ −171. நீரழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் தாக்குவதால் இரு குறுக்குத் திசைகளின் பங்கும் கழிந்து 32 மட்டுமே மிஞ்சுகிறது. இந்த இழப்பைத் தவிர்க்கப் பீங்கானைப் பாலிமருக்குள் பதித்துக் கூட்டுப்பொருளாக்கும் வழி தேடப்பட்டது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம், ஸ்கின்னர், கிராஸ் ஆகியோர் 1978இல் வெளியிட்ட ஆய்வு, கூட்டுப்பொருளின் ஒவ்வொரு கூறும் எத்தனை திசைகளில் தொடர்ந்து ஓடுகிறது என்பதைக் கொண்டு இத்தேடலுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது.

இத்தகைய கூட்டுப்பொருளின் மொத்தப் பண்பைக் கணக்கிடும் கருவி அதற்கு முன்பே மீட்சியியலில் உருவாகியிருந்தது. ஒரு பொருளுக்குள் பதிந்த நீள்வட்டக வடிவிலான வேற்றுப்பொருளுக்குள், அதாவது உட்பொதிவுக்குள், திரிபு எங்கும் ஒரே சீராக இருக்கும் என்று எஷெல்பி 1957இல் நிறுவினார். மோரி, தனாகா ஆகியோரின் 1973ஆம் ஆண்டு முறை, பல உட்பொதிவுகள் ஒன்றையொன்று பாதிப்பதைச் சராசரியாகக் கணக்கில் கொண்டது. டன், தயா ஆகியோர் 1993இல் இக்கருவிகளை மீட்சிப்பண்பும் மின்புலமும் பின்னிய பீசோமின் பொருள்களுக்கு விரிவாகப் பயன்படுத்தினர். இவை யாவும் உட்பொதிவைப் பூச்சற்ற, முழுக்க ஒரே பொருளாலான ஒன்றாகவே கொண்டவை.

நடைமுறையில் துகளுக்கும் பாலிமருக்கும் இடையே ஒரு படலம் பெரும்பாலும் உண்டு. ஒட்டுவதற்காக வேண்டுமென்றே பூசியதாக இருக்கலாம், தயாரிப்பின்போது தானாகப் படிந்ததாகவும் இருக்கலாம். இயந்திரவியல் நோக்கில் மெல்லியது என்பதால் இப்படலத்தைப் புறக்கணிக்கத் தோன்றும். மின்னியல் நோக்கில் அப்படிச் செய்ய முடியாது. பீசோமின் பிணைப்பை ஒதுக்கிவைத்து மின்விடுதிறனை மட்டும் கணக்கிட்டாலே இது தெளிவாகும். பீங்கான் கோளத்தின் ஒப்புமை விடுதிறன் 1700 என்றும், அதன்மேல் ஆரத்தில் நூற்றில் ஒரு பங்கு கனமுள்ள, விடுதிறன் 4 கொண்ட பூச்சு இருப்பதாகவும் கொள்வோம். மொத்தக் கன அளவில் பூச்சின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடுதான். ஆனாலும் பூச்சிட்ட கோளம் வெளியிலிருந்து பார்க்க விடுதிறன் ஏறக்குறைய 320 கொண்ட பொருளாகவே நடந்துகொள்கிறது. ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது! பூச்சே இல்லாவிட்டாலும், அதே 4 விடுதிறனுள்ள பாலிமருக்குள் தனியே கிடக்கும் கோளத்தினுள் புறத்தே செலுத்திய புலத்தில் 0.7 விழுக்காடே நுழைகிறது. துகள் வகைக் கூட்டுப்பொருளை முனைவாக்குவது, அதாவது வலிய மின்புலத்தால் அதற்குப் பீசோமின் பண்பு ஏற்றுவது, ஏன் அவ்வளவு கடினம் என்பதற்கு இந்த எண்ணே போதுமான விடை. என் பார்வையில், பூச்சிட்ட உட்பொதிவுக் கோட்பாட்டைத் தவிர்க்க முடியாததாக்கியது வலிமை பற்றிய கேள்வியைவிட இந்த மின்னியல் கேள்விதான்.

பூச்சு நுழைந்ததும் எஷெல்பியின் சீர்மை பொதுவாகக் குலைந்துவிடுகிறது. அதை ஈடுகட்ட மூன்று பாதைகள் பிரிந்தன. ஹாஷின் 1962இல் ஒருமைய உறைக் கோளங்களால் பொருளை நிரப்பி மீட்சிக் குணகங்களை ஆராய்ந்தார். வடிவம் சமச்சீராக இருக்கும்வரைதான் அந்த வழி எளிது. வால்போல் 1978இல் மெல்லிய பூச்சை எடுத்துக்கொண்டு, இடைமுகத்தைக் கடக்கும்போது தகைவும் திரிபும் எவ்வாறு தாவுகின்றன என்பதிலிருந்து பூச்சுக்குள் உள்ள நிலையைக் கண்டார். ஹோரி, நெமத்-நாசர் ஆகியோரின் 1993ஆம் ஆண்டு இரட்டை உட்பொதிவு மாதிரி உள்ளகத்தையும் உறையையும் சராசரிகளால் அளந்தது.

செர்காவி, சபார், பெர்வெயர் ஆகியோர் 1994இல் வால்போலின் தாவல் வழியைப் பூச்சிட்ட உட்பொதிவுகளுக்கான பொது முறையாக வளர்த்தனர். டின்சார், சபார் ஆகியோர் 2009இல் அதைப் பீசோமின் பொருள்களுக்கு நீட்டினர். தகைவும் மின் இடப்பெயர்ச்சியும் ஒரே தொகுப்பாக இடைமுகத்தைக் கடக்கின்றன: செங்குத்துக் கூறுகள் தொடர்கின்றன, மற்றவை தாவுகின்றன. இவ்வழி எனக்கு மிக நேர்மையானதாகப் படுகிறது. இடைமுகத்தில் உண்மையில் நடப்பதையே அது தொடக்கப்புள்ளியாக்குகிறது. சராசரியில் நிற்கும் மாதிரிகள் மொத்தக் குணகத்தை நன்றாகத் தரலாம். பூச்சின் ஓரிடத்தில் குவியும் புலத்தை அவை காட்டுவதில்லை. மின்முறிவும் பிரிந்துபோதலும் அங்கேதான் தொடங்குகின்றன.

லின், சோடானோ ஆகியோரின் ஆய்வுகளில் பூச்சின் பங்கே தலைகீழாகிறது. சிலிக்கன் கார்பைடு இழையின்மேல் பேரியம் டைட்டனேட் உறை. உள்ளகம் சுமை தாங்குவதோடு மின்முனையாகவும் செயல்படுகிறது, பீசோமின் பணி முழுவதும் உறையுடையது. இவ்விழைகளைக் கொண்ட கூட்டுப்பொருளுக்கு அவர்கள் 2010இல் இரட்டை உட்பொதிவு மாதிரியையே விரிவாக்கினர். இங்கு உறை கனமானது என்பதால் மெல்லிய பூச்சுக்கான தோராயம் செல்லாது. உறையின் கனத்துக்கும் இழையின் ஆரத்துக்கும் உள்ள விகிதமே மொத்தப் பிணைப்பை முடிவுசெய்யும் அளவீடாகிறது.