எஸ்.பி.ன்னா அப்பா பேரா?

எங்க ஊர் ஊத்துக்கோட்டையைப் பத்தி வெளியூர்க்காரங்களுக்கு ரெண்டு விஷயம்தான் தெரியும். ஒண்ணு, கிருஷ்ணா தண்ணி தமிழ்நாட்டுக்குள்ள நுழையுற ஜீரோ பாயிண்ட். இன்னொண்ணு, ஊரைத் தாண்டினதும் வர்ற சுருட்டப்பள்ளி, சிவன் படுத்த கோலத்தில் இருக்கிற கோயில். கோயில் ஆந்திராவில், நாங்க தமிழ்நாட்டில். நடுவுல இருக்கிற எல்லைக்கோடு வரைபடத்தில்தான் தெளிவா இருக்கு. டீக்கடையில் உட்கார்ந்தா ஒரே ஆள் ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பிச்சுத் தெலுங்கில் முடிப்பார்.

ஆனா ஒரு இடத்தில் மட்டும் இந்தக் கோடு ரொம்ப ஆழமா விழுந்திருக்கு. அது நம்ம பேருக்கு முன்னாடி போடுற இனிஷியல்.

என்னோட பள்ளிக்கூடத்தில் படிச்ச நண்பன் ஒருத்தன். வீட்டில் தெலுங்கு. அவனைச் சேர்க்கும்போது பதிவேட்டில் அப்பா பேரின் முதல் எழுத்து இனிஷியலா ஏறிடுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு அவன் தம்பியைச் சேர்க்கப் போன தாத்தா, வீட்டு வழக்கப்படி வேற எழுத்தைச் சொல்லிட்டார். அண்ணனுக்கு ஒரு இனிஷியல், தம்பிக்கு ஒண்ணு. சின்ன வயசில் நாங்க இதைச் சொல்லிக் கிண்டல் பண்ணியிருக்கோம். அவங்க அப்பா இறந்து வாரிசு சான்றிதழுக்கு அலைஞ்சபோதுதான் அது கிண்டல் இல்லைன்னு புரிஞ்சுது. "ரெண்டு பேரும் ஒரே அப்பா பிள்ளைங்கதானா?"ன்னு ஒரு மேஜைக்கு எதிர்ல நின்னு அவன் பதில் சொல்ல வேண்டியிருந்துச்சு. அம்மா பக்கத்திலேயே நின்னுட்டு இருந்தாங்களாம்.

தாத்தா சொன்ன அந்த எழுத்து என்னது? அதுதான் 'இண்டி பேரு'. தமிழில் சொன்னா வீட்டுப் பேர். தெலுங்குக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையா வர்ற குடும்பப் பேர் இது. வெள்ளைக்காரன் மாதிரி கடைசியில் வராது, முன்னாடி வரும். அதனால சுருக்கினதும் பார்க்கிறதுக்கு நம்ம இனிஷியல் மாதிரியே ஆயிடும். நமக்கு இனிஷியல் ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறும். அவங்களுக்கு மாறாது. குழப்பத்துக்கு வேர் இங்கதான்.

இதுக்கு நல்ல உதாரணம் நமக்கெல்லாம் தெரிஞ்ச ஒருத்தரே. எஸ்.பி.பாலசுப்ரமணியம். 'எஸ்.'ன்னா ஊரு, 'பி.'ன்னா அப்பான்னு ரொம்ப நாள் நான் நினைச்சுட்டு இருந்தேன். ஒரு நாள் பொறி தட்டிச்சு. அவர் அப்பா எஸ்.பி.சாம்பமூர்த்தி. தங்கச்சி எஸ்.பி.ஷைலஜா. மூணு பேருக்கும் அதே ரெண்டு எழுத்து எப்படி வரும்? ஏன்னா அது ரெண்டும் சேர்ந்து ஒரே வீட்டுப் பேர்: ஸ்ரீபதி பண்டிதாராத்யுல.

அடிக்கடி கண்ணில் படாத பேர். ஆனா உள்ளே இருக்கிற சரித்திரம் பெருசு. 12ஆம் நூற்றாண்டில், கன்னட நாட்டில் பசவண்ணர் இருந்த காலத்தை ஒட்டி, தெலுங்கு நாட்டிலும் சைவம் வேகமா எழுந்துச்சு. அதை முன்னெடுத்தவங்கன்னு மூணு பேரைச் சொல்வாங்க, 'பண்டித த்ரயம்'னு. ஸ்ரீபதி பண்டிதர், சிவலெங்க மஞ்சன பண்டிதர், மல்லிகார்ஜுன பண்டிதாராத்யர். மல்லிகார்ஜுனர் எழுதினது 'சிவதத்துவ சாரமு'. அவரோட வரலாற்றைப் பால்குரிகி சோமநாதர் 'பண்டிதாராத்ய சரித்திர'ன்னு தெலுங்குக் காவியமா பாடினார். பிற்காலத்தில் பிரம்ம சூத்திரத்துக்கு வீரசைவ நோக்கில் 'ஸ்ரீகர பாஷ்யம்' எழுதினவரும் ஸ்ரீபதி பண்டிதாராத்யர்னு சொல்லப்படுறவர்தான்.

ஆராத்யர்னா வணங்கத் தக்கவர். தெலுங்கில் மரியாதைப் பன்மை சேர்த்தா 'ஆராத்யுலு'. அது 'ஆராத்யுல'ன்னு முடிஞ்சா 'அவர்களுடைய'ன்னு அர்த்தம். அதாவது 'ஸ்ரீபதி பண்டிதாராத்யர் வழியில் வந்த' பாலசுப்ரமணியம். இதைத்தான் நாம ரெண்டு எழுத்துல முடிச்சிட்டோம்.

எஸ்.பி.பி. 2020 செப்டம்பர் 25 அன்னிக்குக் காலமானார். மறுநாள் எங்க ஊருக்கும் சென்னைக்கும் நடுவுல இருக்கிற தாமரைப்பாக்கத்தில், அவரோட பண்ணை வீட்டில் அடக்கம் பண்ணாங்க. "பிராமணரை ஏன் எரிக்காம புதைச்சாங்க?"ன்னு அப்ப நிறைய பேர் கேட்டாங்க. பதில் அந்த இனிஷியலுக்குள்ளேயே இருந்துச்சு. ஆராத்ய சைவ மரபில் அடக்கம் செய்யுறதுதான் வழக்கம்.

இதே மாதிரி இன்னொரு பாடகர், பி.பி.ஸ்ரீனிவாஸ். அந்த 'பி.பி.'யை விரிச்சா பிரதிவாதி பயங்கர! எதிர்வாதம் செய்யுறவங்களுக்குப் பயங்கரமானவர்னு பொருள். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த பிரதிவாதி பயங்கரம் அண்ணன்கிற வைணவ ஆசாரியர், மணவாள மாமுனிகளோட சீடர், வேங்கடேச சுப்ரபாதம் பாடினவர். அவரோட பட்டம் வம்சத்துக்கே பேராயிடுச்சு. ஆக, எதிராளியை நடுங்க வெச்ச வைணவ அறிஞரின் பேரைச் சுமந்த பி.பி.எஸ். குரல் மயிலிறகு மாதிரி. சைவப் பண்டிதரின் பேரைச் சுமந்தவர் எஸ்.பி.பி. ரெண்டு பேரையும் தமிழர்கள் தலையில் தூக்கி வெச்சுக் கொண்டாடினோம். இனிஷியல் என்னன்னு மட்டும் கேட்டுக்கல :-)

வீட்டுப் பேரெல்லாம் இப்படிக் குருமார்களிடமிருந்து வந்ததுன்னு நினைச்சிடாதீங்க. பெரும்பாலும் ஊர்ப் பேர்தான். எங்க மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கு. 1888இல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன், 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவரா இருந்தவர். அவரோட வீட்டுப் பேர் சர்வேபல்லி, நெல்லூர் மாவட்டத்தில் இருக்கிற ஒரு கிராமம். முன்னோர் அங்கிருந்து கிளம்பினாங்க, ஊர் கூடவே வந்துச்சு. நாம அதைச் 'சர்வபள்ளி'ன்னு ஆக்கிட்டோம். மகன், வரலாற்றாசிரியர் சர்வேபல்லி கோபால். அவருக்கும் அதே 'எஸ்.'

இந்தத் திருத்தணியும் ஊர் மாறின ஊர்தான். பொட்டி ஸ்ரீராமுலு (பொட்டியும் வீட்டுப் பேர்தான்) 1952 டிசம்பர் 15இல் சென்னையில் உண்ணாவிரதத்தில் உயிரை விட்டார். 1953 அக்டோபர் 1இல் ஆந்திரா பிறந்துச்சு. ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார். கடைசியில் 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்துச்சு, செங்கல்பட்டு மாவட்டத்தின் சில கிராமங்கள் அந்தப் பக்கம் போச்சு. நிலத்தைப் பிரிச்சாங்க. ஆளுங்க இருந்த இடத்திலேயே இருந்தாங்க. அந்தப் பக்கம் வீட்டுப் பேர், இந்தப் பக்கம் இனிஷியல்.

இனிஷியல் முறையை நான் குறை சொல்லல. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பேருக்குப் பின்னாடி வர்ற சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டுச்சு. ஊத்துக்கோட்டையும் அப்ப அதே செங்கல்பட்டு மாவட்டம்தான். அது பெரிய காரியம். ஒரு பேரைக் கேட்டதும் சாதி தெரியாம இருக்கிறது எவ்வளவு பெரிய நிம்மதின்னு வடக்கே போய் வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும். வீட்டுப் பேரிலும் சில சமயம் சாதி ஒளிஞ்சிருக்கும், இல்லேன்னு சொல்ல முடியாது. ஆனா அதுக்குள்ள ஒரு கிராமம், ஒரு பயணம், ஒரு முன்னோரும் இருக்காங்க. ஒத்தை எழுத்தா சுருங்கி, அப்புறம் அந்த எழுத்தும் மாறிட்டா, எல்லாமே போச்சு.

இதுக்கு ரெண்டுங்கெட்டானா இல்லாம ரெண்டும் சேர்ந்த வழி ஒண்ணு இருக்கு. எஸ்.பி.பி.யின் மகன் பேரைப் பாருங்க: எஸ்.பி.பி.சரண். முதல் ரெண்டு எழுத்து தெலுங்கு முறைப்படி வீட்டுப் பேர். மூணாவது எழுத்து தமிழ் முறைப்படி அப்பா பேர். எங்க ஊர் டீக்கடை வாக்கியம் மாதிரியே, பாதி தெலுங்கு பாதி தமிழ்!

நண்பனுக்கு ஒருவழியா சான்றிதழ் கிடைச்சுது, உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் எழுதிக் கொடுத்த பிறகு. போன வருஷம் அவன் பொண்ணைப் பள்ளியில் சேர்த்தான். ரெண்டு எழுத்து போட்டிருக்கான். முதல் எழுத்து தாத்தா சொன்னது. ரெண்டாவது அவனோடது. "ரெண்டுக்கும் விரிவு என்னன்னு அவளுக்குச் சொல்லிக் கொடுத்துட்டேன்டா"ன்னான்.

நீங்களும் வீட்டில் பெரியவங்க இருக்கும்போதே கேட்டு வெச்சுக்குங்க. எழுத்து பத்திரத்தில் இருக்கும். விரிவு அவங்க நாக்கில்தான் இருக்கு.