ஒரே ஒரு மரமீன்

கோடை ஆரம்பத்துல ஏரியில எந்தப் பொய் இரை போடலாம்னு தூண்டில்காரங்களைக் கேளுங்க, பெட்டி பெட்டியா திறந்து காட்டுவாங்க. ஜார்ஜ் பெர்ரி கையில இருந்தது ஒண்ணே ஒண்ணு!

1932, ஜூன் 2. அமெரிக்காவில் பெருமந்த காலம். ஜார்ஜியா மாநில விவசாயி பெர்ரியும் நண்பர் ஜாக் பேஜும் மான்ட்கோமரி ஏரிக்குப் போறாங்க. ஏரின்னதும் கடல் மாதிரி நினைச்சுடாதீங்க... ஆக்முல்கி ஆறு தடம் மாறினப்போ விட்டுட்டுப் போன தண்ணி. பொழுதுபோக்குக்குப் போகலை, வீட்டுச் சாப்பாட்டுக்கு மீன் வேணும். க்ரீக் சப் கம்பெனியின் மரமீன் ஒண்ணுதான், மாத்தி மாத்தி வீசணும். நரம்பு அறுந்தா அன்னிக்கு அவ்ளோதான்.

முட்டையிட்டு முடிச்ச பாஸ் மீனுக்கு அப்போ நல்ல பசி. வெயில் ஏறினா ஆழத்துக்குப் போயிடும், காலையிலும் மப்பு நாளிலும் கரையோரம் மேயும். அன்னிக்கு மழை நாள். இரையை விட வானம்தான் உதவிச்சுன்னு நான் சொல்வேன்.

எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்து கிலோ. உலக சாதனை! பாடம் பண்ணி மாட்டலை, குடும்பமே சாப்பிட்டுடுச்சு :-)

77 வருஷம் கழிச்சு, 2009 ஜூலை 2ல ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதைவிட ஒரு அவுன்ஸ் கூடுதலா பிடிச்சார். போட்டது உயிருள்ள புளூகில் மீன். ஆனா ரெண்டு அவுன்ஸ் தாண்டினாத்தான் பழைய சாதனை முறியுமாம். அதனால ரெண்டு பேரும் சமம்னு எழுதிட்டாங்க.