செட்டிநாட்டு வீடு: ஒரு பாணி பிறந்த கதை

வீட்டை அலங்கரிக்க உங்களுக்கென்று ஒரு பாணி வேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பாணி எப்படி உருவாகிறது? கடையில் போய்த் தேர்ந்தெடுப்பதா? இதற்குப் பதில் தேட நம் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அதுதான் செட்டிநாட்டு வீடு.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1930கள் வரை காரைக்குடி, கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் நகரத்தார் கட்டிய வீடுகள் இவை. பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து போய் அவர்கள் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். லாபம் பணமாக மட்டும் வரவில்லை, பொருளாகவும் வந்தது. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி, ஜப்பானிலிருந்து பூப்போட்ட ஓடு... வணிகவியல் படிக்கும் என் கண்ணுக்கு ஒவ்வொரு வீடும் ஓர் ஐந்தொகை மாதிரிதான் தெரிகிறது!

ஆனால் இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பொருட்கள் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் வீட்டின் அமைப்பு மாறவே இல்லை. முகப்பு, திண்ணை, நடுவில் வானம் பார்த்த வளவு, அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி. வளவைச் சுற்றியுள்ள அறைகள் திருமணமான மகன்களுக்கு. ஒவ்வொரு தம்பதியும் ஒரு தனிப் 'புள்ளி', தனிக் கணக்கு. ஆனால் கூரை ஒன்றுதான். கல்யாணம், சடங்கு எல்லாம் அந்த வளவில்தான் நடக்கும். அதாவது, வாழ்க்கை முறை முதலில், அலங்காரம் அதற்குப் பிறகு.

உள்ளூர்க் கைவேலையையும் அவர்கள் விடவில்லை. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் சேர்த்துப் பூசிய சுவர்கள் இன்றும் கண்ணாடி போல வழவழப்பாக இருக்கின்றன. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். நடக்க நடக்கத்தான் அதற்குப் பளபளப்பு கூடும்.

பிறகு வந்தது சரிவு. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை விழுந்தது. பர்மா விவசாயிகளால் கடனைத் திருப்பித் தர முடியவில்லை. பணத்துக்குப் பதில் அடமான நிலம் கைக்கு வந்தது. 1930இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீதமாக இருந்த அவர்களின் நிலம், 1937இல் சுமார் 25 சதவீதமானது. நிலம் இழந்த மக்களின் கோபமும் கூடவே வளர்ந்தது. 1942இல் ஜப்பான் படையெடுப்பு, 1948இல் நில தேசியமயமாக்கல் சட்டம். அத்தோடு எல்லாம் போயிற்று.

வருமானம் நின்ற பின் பல வீடுகள் பூட்டப்பட்டன. சில வீடுகள் இடிக்கப்பட்டு, தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. அங்கே வாங்கிய தூண்கள் இன்று எங்கெங்கோ வரவேற்பறைகளை அலங்கரிக்கின்றன. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன.

தூணை விலைக்கு வாங்கலாம். அந்தத் தூணுக்கு அர்த்தம் கொடுத்த வளவை வாங்க முடியுமா? நமக்கென்று ஒரு பாணி வேண்டுமென்றால், 'எதை வாங்கலாம்' என்று கேட்பதற்கு முன் 'இந்த வீட்டில் நாம் எப்படி வாழ்கிறோம்' என்று கேட்பதுதான் சரி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?