நிழல் சொல்வதும் சொல்லாததும்

உடலில் கிருமி புகுந்தால் காய்ச்சல் எழுகின்றது, இருமல் தோன்றுகின்றது. இவற்றை நோய் என்று நாம் வெறுக்கின்றோம். உண்மையில் இவற்றுட் பல, கிருமியோடு உடல் புரியும் போரின் ஆரவாரமே ஆகும். போரிடும் படையே மெலிந்துவிட்டால் என்ன நிகழும்? ஆரவாரம் குறையும், ஆபத்துக் குறையாது. அத்தகைய உடலில் வைரஸால் விளையும் நிமோனியாவைக் கண்டறிய மருத்துவர் கற்ற வரலாறு, மாணவர் அனைவரும் அறியத்தக்கது.

1895 நவம்பர் 8-ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ரான்ட்கன் என்னும் பேராசிரியர் எக்ஸ் கதிர்களைக் கண்டார். மார்பின் உட்புறத்தைப் படம்பிடிக்க வழி பிறந்தது. ஆயினும் அப்படத்தில் ஒரு குறை உண்டு. விலா எலும்பும் இதயமும் நுரையீரலும் ஒன்றன்மேல் ஒன்றாகவே விழுகின்றன. மெல்லிய நிழல் அவற்றிடையே மறைந்துபோதல் கூடும்.

இக்குறை பெரிதாகத் தோன்றிய காலமும் வந்தது. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே, இரட்டையருள் ஒருவருடைய சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். பிறர் உறுப்பையோ உடல் ஏற்க மறுத்தது. அம்மறுப்பை அடக்கும் மருந்துகள் 1960-களில் பயன்பாட்டுக்கு வந்தன. எலும்பு மஜ்ஜையை மாற்றும் முறையை டானல் தாமஸ் வளர்த்தார். இவ்விருவரும் 1990-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆனால், உயிர் காத்த மருந்தே உடலின் காவலையும் தளர்த்தியது. பலர் உடலில் வாளா உறங்கிக் கிடக்கும் சைட்டோமெகலோ வைரஸ், காவல் தளர்ந்ததும் விழித்தெழுந்து நுரையீரலைத் தாக்கியது. மஜ்ஜை மாற்றம் பெற்றோருள் இந்த நிமோனியாவுக்கு ஆளானவர்களிற் பெரும்பாலோர் அந்நாளில் மாண்டனர்.

இதே காலத்தில், வேறொரு துறையில் ஒரு கருவி உருவாகிக்கொண்டிருந்தது. பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி, கணக்கிட்டு, உடலின் குறுக்குவெட்டைப் படமாக்க இயலும் என்பதை ஆலன் கார்மாக் 1963-லும் 1964-லும் கட்டுரைகளில் விளக்கினார். இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு தம் வழியில் அதைச் செய்து காட்டினார். அவரது முதற் சோதனையில் ஒரு பொருளை அளந்து முடிக்க 9 நாள் ஆயிற்று! 1971 அக்டோபர் 1 அன்று விம்பிள்டனில் ஒரு நோயாளியின் மூளை முதன்முதலாக இவ்வாறு படமாயிற்று. 1979-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். இதுவே சி.டி. ஸ்கேன்.

இக்கருவி எண்களால் பேசுகின்றது. நீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. நலமான நுரையீரல் காற்று நிறைந்தது. ஆதலின் அதன் எண் காற்றின் எண்ணையே நெருங்கி நிற்கும். வைரஸ் தாக்கியதும் காற்று நுண்ணறைகளில் நீர் கசிகின்றது, எண் உயர்கின்றது. படத்தில் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி போன்ற வெண்மை படர்கின்றது. அதனூடே இரத்தக் குழாய்கள் இன்னும் தெரியும். சாதாரண எக்ஸ்-ரே படத்தில் ஒன்றும் புலப்படாத நிலையிலும் இவ்வெண்மை தோன்றுவதுண்டு. 2020-இல் கோவிட் பரவியபோது உலகெங்கும் மருத்துவர் கண்டதும் இத்தகைய வெண்மையே.

அவ்வாறாயின் படம் ஒன்றே போதுமா? போதாது. 1981-இல் எய்ட்ஸ் நோய் அறியப்பட்டபோது அந்நோயாளரைத் தாக்கிய நியூமோசிஸ்டிஸ் என்பது ஒரு பூஞ்சை. அதுவும் இதே மங்கல் நிழலைத்தான் தருகின்றது. மருந்தின் தீங்கும், நுரையீரலுள் இரத்தக் கசிவும் அவ்வாறே தோன்றலாம். வைரஸுக்கு ஒரு மருந்து, பூஞ்சைக்கு வேறொரு மருந்து. பிழைபடக் கணித்தால் இழப்பது உயிர். ஆகவே, நிழல் உள்ள இடத்தைப் படத்தால் அறிந்து, அங்கே மெல்லிய குழாயைச் செலுத்தி, உப்புநீரால் கழுவியெடுத்து, அந்நீரில் கிருமியைத் தேடுகின்றனர். கிருமி இன்னதென்று தெளிந்தால் மருந்தும் தெளியும். சைட்டோமெகலோ வைரஸ் நிமோனியாவுக்கு கான்சைக்ளோவிர் என்னும் மருந்தோடு எதிர்ப்புப் புரதங்களையும் சேர்த்துக் கொடுத்துப் பலரைப் பிழைக்கச் செய்த ஆய்வுகள் 1988-இல் வெளியாயின.

கருவி கண்ணைக் கூர்மையாக்குகின்றது. முடிவு கூறும் பொறுப்பை அது ஏற்பதில்லை. படம் எங்கே என்று சொல்லும்; யார் என்று சொல்லாது. இவ்வேறுபாட்டை உணர்ந்து மேலும் தேடியதனாலேயே மருத்துவர் பல உயிர்களை மீட்டனர். எத்துறையில் பயிலும் மாணவரும் மனத்திற் கொள்ளத்தக்க உண்மை இது.