ஒலியிலிருந்து பொருளுக்கு: அடையாற்றுக்கு வந்த ஒரு வாசிப்பு முறை

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஐந்து வயதுக் குழந்தை ஒன்று ‘த ஹென் இஸ் இன் த பென்’ என்று தடங்கலின்றிப் படிக்கிறது. கோழி எங்கே என்று ஆங்கிலத்தில் வினவினால் ‘இன் த பென்’ என விடையும் தருகிறது. கேட்ட பெற்றோர் மகிழ்கின்றனர். ஆனால் அக்குழந்தை அறிந்த ‘பென்’ எழுதுகோல் ஒன்றே. கோழிகளை அடைத்துவைக்கும் பட்டிக்கும் அப்பெயர் உண்டென அதற்கு எவரும் சொன்னதில்லை. பேனாவுக்குள் கோழி புகுந்தது எவ்வாறு என்று அது கேட்கவும் இல்லை. ஆங்கிலப் பாடத்தில் பொருள் என ஒன்றைத் தேடவேண்டும் என்பதே அதற்குத் தெரியாது. வாசிப்பு என்று பெயர் பெற்றுவிட்ட இவ்வோசைக்குச் சென்னையில் நெடிய வரலாறு உண்டு. அதனை ஏற்க மறுத்த ஒரு முறையும் இந்நகருக்கே வந்து தங்கியது.

எழும்பூரில் படைவீரர் மக்களுக்கென நடந்த அநாதை விடுதியின் பொறுப்பை 1789இல் ஏற்றவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அதனைத் தம் விடுதியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வகுத்தார். 1797இல் இலண்டனில் வெளியான அவருடைய நூலால் இது ‘மதராஸ் முறை’ எனப் பெயர்பெற்று இங்கிலாந்தெங்கும் பரவியது. திண்ணையின் மணல் கடல் கடந்த கதை இது. எனினும் கடந்து சென்றது எழுத்தைப் பழக்கும் வழியே. பொருளுணர்த்தும் வழி அன்று.

பொருளறியா மனப்பாடம் என்று திண்ணைப் பள்ளியைப் பழிப்பது வழக்கம். அப்பழி முழுதும் பொருந்துவதன்று. ஆத்திசூடியை ஒப்பித்த சிறுவனின் செவியில் தமிழ் முன்னரே குடியிருந்தது. கடல், பகல், தங்கம் என்னும் மூன்று சொற்களிலும் ககரம் ஒரே வடிவில் நிற்கிறது. ஒலியோ மூன்று வகைப்படுகிறது. இவ்வேறுபாட்டை எழுத்து காட்டுவதில்லை. சொல்லை அறிந்திருப்பதால் குழந்தை தானே திருத்திப் படித்துக்கொள்கிறது. எழுத்துக்கும் ஒலிக்கும் இத்துணை நெருக்கமுள்ள தமிழிலேயே வாசிப்பிற்குச் சொல்லறிவு துணை செய்கிறது எனில், எழுத்தின் பெயர் ஒன்றும் ஒலி வேறொன்றுமான ஆங்கிலத்தில் அதன் தேவையைச் சொல்லவேண்டியதில்லை. செவியில் இல்லாத மொழியை அதே திண்ணையில் உட்காரவைத்தபோதுதான் இடர் தோன்றிற்று. சி, ஏ, டி எனக் கூட்டிக் ‘கேட்’ என்று கூவிய வகுப்பில், பூனை ஒருநாளும் வந்ததில்லை.

1937இல் மயிலாப்பூரில் சில்ட்ரன்ஸ் கார்டன் பள்ளி தோன்றியிருந்தது. ஈராண்டுகள் கழித்து, 1939 நவம்பரில், 69 வயதான மரியா மாண்டிசோரி அம்மையார் தம் மகன் மரியோவுடன் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து சேர்ந்தார். அழைத்தவர்கள் சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். ஏறத்தாழ 300 ஆசிரியர்கள் பயிற்சிக்குத் திரண்டனர். 1940இல் இத்தாலி போரில் இறங்கவே, பிரித்தானிய அரசு மரியோவைச் சிறைப்படுத்தியது. அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளையொட்டியே விடுவித்தது. சில மாதங்களுக்கென வந்தவர் 1946 வரை இந்நாட்டில் தங்க நேர்ந்தது.

உரோமில் 1907இல் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் அவர் கண்ட முறையே அடையாற்றிலும் கற்பிக்கப்பட்டது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவும். அதன் பெயரையன்றி ஒலியைச் சொல்லும். எழும்பூர் மணலை நினைவூட்டும் காட்சிதான். ஆயினும் அம்மையாருக்கு இவ்வகையில் முன்னோடிகள் இட்டார், செகென் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களே. இவ்வாறு எழுத்தொலி பழகியபின் வருவதே கருதத்தக்கது. எழுதிய சொல்லை ஒலிப்பதை அவர் வாசிப்பு எனக் கொள்ளவில்லை. எழுத்திலிருந்து கருத்தைப் பெறுவதே வாசிப்பு என்றார். சொற்களை ஒலிக்கத் தெரிந்தும் பொருள் கொள்ளாத குழந்தைகளிடம் புத்தகம் கொடுப்பதை நிறுத்தியும் வைத்தார். அதற்கீடாகச் சீட்டுகள் வந்தன. முதலில் பொம்மைகளின் பெயர் எழுதிய சீட்டு. படித்தவருக்கு அப்பொம்மை விளையாடக் கிடைக்கும். குழந்தைகளோ பொம்மையை விடுத்து மேலும் சீட்டுகளையே கேட்டனவாம்! பின்னர் ஏவல் சீட்டுகள். கதவைத் திற, நாற்காலியை நகர்த்து என்பன போன்ற தொடரைக் குழந்தை வாய்திறவாமல் படித்து, எழுந்து சென்று அதனைச் செய்யும். பொருள் விளங்கிற்றா என வினவவேண்டிய தேவையே அங்கு எழவில்லை.

இம்முறையை ஆங்கிலம் கற்கும் சென்னைக் குழந்தைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. உரோமக் குழந்தைக்கு இத்தாலியம் வீட்டுமொழி. அதன் எழுத்தும் ஒலியோடு இணங்கி நடப்பது. இங்கு அவ்விரு துணையும் இல்லை. ஆகவே சீட்டுக்கு முன் பொருளும் பேச்சும் வரவேண்டும். அதற்கான வழியும் அம்முறையிலேயே உண்டு. செகெனிடமிருந்து பெற்ற மூன்றுநிலைப் பாடம் அது: ‘இது கிண்ணம்’ என்று காட்டுதல், ‘கிண்ணத்தைக் கொடு’ என்று கேட்டல், ‘இது என்ன?’ என்று வினவல். நடுநிலையில் குழந்தை பேசவேண்டியதில்லை, புரிந்துகொண்டால் போதும். புதுமொழியின் முன் வாயடைத்து நிற்கும் பிள்ளைக்கு இதனினும் பரிவான ஏற்பாடு அரிது.

டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், சொற்களை அளவோடு சேர்க்கும் வாசிப்பு நூல்களை 1920களில் உருவாக்கினார். மதராஸ் மாநிலத்தில் தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர் 27,000 பேரை மறுபயிற்சிக்கு உட்படுத்தும் முயற்சி 1960களின் தொடக்கத்தில் நடைபெற்றது. முன்னவர் படிப்பை முதலில் வைத்தார், பின்னவர் பேச்சை. அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது அட்டைகள் மீண்டும் குழந்தைகளின் கைக்கு வந்தன. அதன் வேர்களுள் மாண்டிசோரி முறையும் ஒன்று. 2012–13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. வீட்டில் ஆங்கிலம் பேசுவார் எவருமில்லாத பிள்ளைகள் அவற்றில் சேர்ந்தனர். இந்நிலையில் ஆங்கில வகுப்பில் தமிழ் ஒலிக்கலாகாது எனச் சில பள்ளிகள் விதிப்பது பெரும்பிழை. படித்ததைத் தன் மொழியில் சொல் என்று கேட்டால்தான், கோழி பேனாவுக்குள் இருப்பது ஆசிரியருக்குத் தெரியவரும். அடையாற்று வகுப்பேகூட ஒரு மொழியில் நடந்ததன்று. அம்மையார் இத்தாலியத்தில் உரையாற்றினார். மரியோ அருகில் நின்று அதனை ஆங்கிலத்தில் சொன்னார். கேட்டு எழுதிக்கொண்ட ஆசிரியர்கள் அவரவர் ஊருக்குத் திரும்பி, அவரவர் மொழியில் குழந்தைகளோடு பேசினர்.