அணையா அடுப்பும் அருட்பெருஞ்சோதியும்

திருக்கோயிலுக்குக் குடமுழுக்குக் காண்பது பெறற்கரும் பேறு. அன்பர்கள் பொருளும் உழைப்பும் ஈந்து எழுப்பிய திருப்பணி, மறையும் திருமுறையும் முழங்கப் புனித நீராடிப் பொலிவு பெறுகின்றது. ஆயினும் திருப்பணி அந்த நாளோடு முற்றுப்பெறுவதன்று. கோயிலைப் புதுக்கிய கைகள் தம் வாழ்க்கையையும் புதுக்கிக்கொள்ளும்போதே அது நிறைவெய்துகின்றது. ஒருவர் தம் வாழ்வை எளிதாக்கிக்கொண்டமையால் ஊரின் வாழ்வே மாறுதலுற்ற வரலாறு நம் நாட்டில் உண்டு. அதுவே வடலூர் இராமலிங்க அடிகளாரின் வரலாறு.

அடிகளார் சிதம்பரத்தை அடுத்த மருதூரில், சுபானு ஆண்டு புரட்டாசித் திங்கள் 21ஆம் நாள், அதாவது 1823 அக்டோபர் 5 அன்று, இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் திருமகனாய்த் தோன்றினார். கைக்குழந்தையாய்த் தில்லைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, திரை தூக்கக் கண்டு குழந்தை நகைத்தது என்பது அன்பர்கள் வழிவழியாகப் போற்றும் செய்தி. தந்தையாரை இளமையிலேயே இழந்த பின்னர்க் குடும்பம் சென்னையை அடைந்தது. தமையனார் சபாபதி பிள்ளை புராண விரிவுரையாற்றிக் குடும்பத்தைக் காத்து வந்தார். இளையவரோ கந்தகோட்டத்து முருகன் திருமுன்னும் திருவொற்றியூர்த் தியாகேசர் திருமுன்னும் நின்று உருகிப் பாடலானார். கற்றோர் அவரை நாடி வந்தனர். தொழுவூர் வேலாயுத முதலியார் போன்ற புலவர் மாணாக்கராயினர். நகரில் புகழோடும் வளத்தோடும் வாழ அவருக்கு வழி திறந்தே இருந்தது.

அவ்வழியை அவர் மேற்கொண்டிலர். 1858ஆம் ஆண்டளவில் சென்னையை விடுத்துத் தென்திசை நோக்கிச் சென்று, வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழி என்னும் சிற்றூரில் ஓர் அன்பரின் இல்லத்தில் தங்கினார். துறவியர்க்கு வழக்கமான காவியை விலக்கி, வெண்துகிலால் உடலையும் தலையையும் போர்த்துக்கொண்டார். அளவான உணவும் அமைதியான பேச்சும் அவர்க்கு இயல்பாயின. தமக்கென வேண்டுவன குறையக் குறையப் பிறர்க்கு வேண்டுவன அவர் கண்ணில் தெளிவாகத் தோன்றின. சிற்றூர் மக்களின் பசி அவருள்ளத்தை வருத்தியது. பசித்த உயிருக்கு உணவளிப்பதே கடவுள் அருளைப் பெறுவதற்குத் திறவுகோல் என்னும் உறுதி அவருள் வேரூன்றியது. ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூல் இக்கருத்தையே விரித்துரைக்கின்றது.

1865ஆம் ஆண்டில் அவர் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். அடுத்து அன்னசாலை அமைக்க எண்ணியபோது, பார்வதிபுரம் என வழங்கிய வடலூர்ப் பகுதியின் மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து எழுதிக்கொடுத்தனர். 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்று, அதன் அடுப்பு மூட்டப்பட்டது. சாதிக்கொரு பந்தியாக மக்கள் பிரிந்துண்ட அக்காலத்தில், அங்கே வந்தவரிடம் குலமும் சமயமும் கேட்கப்படவில்லை. பசி ஒன்றே உள்ளே நுழைவதற்கு உரிய தகுதியாயிற்று. ஒன்பது ஆண்டுகள் கழிந்து, 1876ஆம் ஆண்டில் தாது வருடப் பெரும்பஞ்சம் தென்னாட்டைச் சூழ்ந்தபோது, பசித்தோர்க்கென மூட்டிய அடுப்பு வடலூரில் முன்னமே எரிந்துகொண்டிருந்தது.

திருப்பணிச் செல்வர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. அருட்பெருஞ்சோதி வழிபாட்டிற்குரிய சத்திய ஞானசபை 1872 சனவரி 25 அன்று, தைப்பூச நன்னாளில் திறக்கப்பெற்றது. தருமச்சாலைக்கும் ஞானசபைக்கும் இடையே ஏறத்தாழ ஐந்தாண்டுகள் உள்ளன. முதலில் அடுப்பு, பின்னரே விளக்கு. சபைக்குள் புகுவதற்குக் கொல்லாமையும் புலால் மறுத்தலும் வேண்டுமென அடிகளார் விதித்தார். பசியாற்றுதற்கோ அந்த விதியும் இல்லை. புலாலுண்பவராயினும் பசித்து வந்தால் உணவளிக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை.

அடிகளார் பிற்காலத்தில் சடங்குகளையும் சமய வேறுபாடுகளையும் விலக்கியவராயிற்றே, அவர் வரலாறு குடமுழுக்கு மலரில் இடம்பெறுதல் தகுமோ என வினவுவார் உளர். அவர் அவ்வாறு விலக்கியது உண்மை. அதனை மறைத்தல் அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகாது. ஆனால் அவர் உள்ளத்தை உருக்கி வளர்த்தவை ஒற்றியூரும் தணிகையும் தில்லையுமே அல்லவா? கோயிலில் கசிந்த உள்ளம் கோயிலுக்கு வெளியே நிற்கும் ஏழையைக் கண்டும் கசிய வேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்கு எழுப்பும் வினா. அவ்வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள், கோயிலை நேசிக்கும் நாமே.

அடிகளார் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் 1874 சனவரி 30 அன்று திருக்காப்பிட்டுக்கொண்டார். அவர் ஏற்றிய அடுப்பு இன்றளவும் அணையாது அன்னம் வழங்கி வருகின்றது. தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் 2002ஆம் ஆண்டில் அரசின் அன்னதானத் திட்டம் தொடங்கப்பெற்றது. அடிகளார் அவதரித்த அக்டோபர் 5ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாளாகக் கொண்டாடுவதென 2021ஆம் ஆண்டில் அரசு அறிவித்தது. இவற்றால் நம் கடமை குறைந்துவிடவில்லை. இல்லந்தோறும் ஒருபிடி அரிசியை நாள்தோறும் எடுத்து வைத்தலும், திருமணத்திலும் விழாவிலும் வீண் ஆரவாரத்தைச் சுருக்கி மிஞ்சியதைத் தருமத்திற்கு ஆக்குதலும், பந்தியில் உயர்வு தாழ்வு பாராட்டாதிருத்தலும் யாவர்க்கும் எளியனவே.

மெய்யன்பர்களே! விமானத்துக் கலசம் தொலைவிலிருந்தே கண்ணுக்குப் புலப்படும். அதன் நிழலில் பசியோடு அமர்ந்திருப்பவரோ அருகிற் சென்றால்தான் புலப்படுவர். இக்குடமுழுக்கின் பயனாக அவர் அருகிற் செல்லும் மனத்தை இறைவன் நமக்கு அருள்வானாக! திருக்கோயிலில் விளக்கும் மடைப்பள்ளியில் அடுப்பும் என்றும் அணையாதிருப்பனவாக!