பலாலி வானும் நம் மாணவிகளும்

1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது பறப்பு இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, நமது காங்கேசன்துறை விமானத் தளத்தில் தரித்துச் சென்னைக்குச் சென்றது. அந்த டக்கோட்டா விமானத்தின் பெயர் சீதாதேவி. நிறுவனத்தின் மற்ற இரண்டு டக்கோட்டாக்கள் விகாரமகாதேவி, சுனேத்திராதேவி. மூன்றுக்கும் பெண்களின் பெயர்கள். விமானி ஆசனத்தில் ஆண்கள்.

அந்நாட்களில் சென்னையைச் சேர்ந்த உஷா சுந்தரம் தம் கணவருடன் துணை விமானியாகப் பறந்துகொண்டிருந்தார். 1949இல் பெங்களூர் ஜக்கூர் அரசாங்கப் பறப்புப் பயிற்சிப் பாடசாலையில் முதலில் தேறியவர்களுள் அவரும் ஒருவர். நேருவையும் பட்டேலையும் ஏற்றிப் பறந்தவர். 1951இல் சென்னை அரசு வாங்கிய டவ் விமானத்தை இருவரும் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணித்தியாலத்தில் கொண்டுவந்து சேர்த்தனர். சென்னை சென்றுவரும் நம்மவர் அறிந்த புளூ குரொஸ் விலங்கு நல அமைப்பை 1959இல் தொடங்கியதும் இவர்களுடைய குடும்பமே.

ஆனால் அவருக்குப் பின்னால் உடனே ஒரு வரிசை உருவாகவில்லை. துர்பா பானர்ஜி இந்தியன் எயார்லைன்ஸில் விமானியாகச் சேர்ந்தபோது 1966 ஆகிவிட்டது. விமானப் பணிப்பெண்களின் நிலை இன்னும் மோசம். முதற் பிள்ளை வயிற்றில் வந்தால் எயார் இந்தியாவில் வேலை போய்விடும். அந்த விதியை இந்திய உயர் நீதிமன்றம் 1981இல்தான் தள்ளுபடி செய்தது.

எங்கள் தலைமுறைக்கு விமானம் வேறு பொருள். பலாலியைச் சூழ்ந்த ஊர்கள் 1990இல் இடம்பெயர்ந்தன. தொண்ணூறுகளில் படித்த நாங்கள் சத்தத்தைக் கேட்டே சகடையா, பொம்மரா, ஹெலியா என்று சொல்லிவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடுவோம். விமானத்தைப் பற்றி இவ்வளவு அறிந்திருந்தும் அதை ஓட்டலாம், வடிவமைக்கலாம் என்று எங்களில் ஒருத்தியாவது சொன்னதாக நினைவில்லை. கெட்டிக்காரி என்றால் உயிரியல் பிரிவு, பிறகு வைத்தியர். நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். அதில் மனக்குறை இல்லை. ஆயினும் வேறொரு கதவு இருந்ததென்று ஒருவரும் காட்டவில்லை.

கடலுக்கு அப்பால் அந்தக் கதவு திறந்தே இருந்தது. அரியலூரில் பெண்கள் பாடசாலையில் படித்த என். வளர்மதி 1984இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். முகிலையும் இருளையும் ஊடுருவித் தரையைப் படம்பிடிக்கும் ரிசாட்-1 ராடார் செய்மதியின் திட்டப் பணிப்பாளரானார். 1,858 கிலோ எடையுள்ள அது 2012 ஏப்ரல் 26இல் விண்ணுக்குச் சென்றது. இடையில் 28 ஆண்டுகள். செங்கோட்டையில் பெண்கள் பாடசாலையில் படித்த நிகார் ஷாஜி 1987இல் சேர்ந்தவர். அவர் தலைமையில் உருவான ஆதித்யா எல்-1, சூரியனை ஆராய 2023 செப்டெம்பர் 2இல் புறப்பட்டது. அதற்கு 36 ஆண்டுகள். அரியலூரும் செங்கோட்டையும் நமது பருத்தித்துறை, சாவகச்சேரி போன்ற பட்டினங்களே.

அத்தனை ஆண்டுகள் நிலைப்பதெப்படி என்பதே பெற்றோரின் கேள்வி. கலியாணம், பிள்ளைப்பேறு என்று தொடங்குவார்கள். வைத்தியர்களாக இதற்கு மட்டும் பதில் சொல்லலாம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் நியமப்படி, சிக்கலற்ற கர்ப்பமாயின் 12ஆம் வாரம் முடிந்ததிலிருந்து 26ஆம் வாரம் முடியும்வரை ஒரு விமானி பறக்கத் தகுதியானவரென மருத்துவர் கணிக்கலாம். சில நாடுகளின் விதி இதைவிடக் கடுமையானது. மகப்பேற்றின் பின் மருத்துவப் பரிசோதனை, சிமியூலேற்றரில் பயிற்சி. அதன் பிறகு மீண்டும் ஆசனம். இரவுக் கடமையும் கைக்குழந்தையுமாக வாட்டில் நின்ற எங்களுக்கு இது புதிய கணக்கல்ல. வீட்டில் ஒரு அம்மம்மா வேண்டும், அவ்வளவுதான்.

பலாலி 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச விமான நிலையமாகியது. நவம்பரில் தொடங்கிய சென்னைச் சேவை கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. இன்று அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்க்கிறார்கள்.

கனடாவிலோ இலண்டனிலோ அவுஸ்திரேலியாவிலோ விமானப் பொறியியல், வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, செய்மதித் துறைகளில் பணிபுரியும் பழைய மாணவி எவரேனும் இதை வாசித்தால், சங்கச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தப் பாடங்கள் எடுத்தீர்கள், எவ்வளவு செலவாயிற்று, லீவு எடுத்துத் திரும்பி வந்தபோது உங்கள் இடம் இருந்ததா என்பதை எழுதுங்கள். கணிதப் பிரிவில் இருக்கும் நம் தங்கைகளுக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும்.